இராமானுஜன் அவர்களின் சீமை வாசம்

நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றிலிருந்து பிள்ளைகளும் பெண்களும் படிப்பின் பொருட்டும், உத்தியோகத்தின் பொருட்டும், பனியன் வியாபாரத்தின் பொருட்டும் கடல் கடந்து செல்லுகின்றனர். வழியனுப்பும் நாளில் மாலையும் சந்தனமும் குறைவின்றி நடைபெறுகின்றன. ஆனால் சென்ற இடத்தில் அப்பிள்ளை என்ன உண்டு, எங்ஙனம் உறங்கி, யாரிடம் மனம் விட்டுப் பேசி வாழ்கின்றான் என்பதை வீட்டிலுள்ளோர் விசாரிப்பது அரிதாகவே உள்ளது. மாதந்தோறும் பணம் வந்தால் அவன் க்ஷேமமாக இருக்கின்றான் என்று எண்ணிவிடுகின்றோம். இவ்வெண்ணம் எத்துணைப் பிழையுடையது என்பதை விளக்க, உலகறிந்த கணித மேதை ஸ்ரீநிவாஸ இராமானுஜன் அவர்களின் சரித்திரத்தை ஈண்டு எழுதப் புகுந்தோம். அப்பெரியார் நம் வகுப்பினர் அல்லர். ஆயினும் அறிஞர் எல்லார்க்கும் உரியர். அன்றியும் அவர் பிறந்தது நம் கொங்கு நாட்டு மண்ணிலேயாம்.

பிறப்பும் இளமையும்

1887-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 22-ஆம் நாள் ஈரோட்டில் தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் இராமானுஜன் பிறந்தார். பாட்டனார் ஈரோடு முன்சீப் கோர்ட்டில் அமீனாவாக இருந்தவர். தந்தையார் சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கெழுதி வந்தார். துணிக்கடைக் கணக்குப்பிள்ளையின் சம்பளத்தில் ஒரு குடும்பம் நடப்பது எத்தகைய தென்பதை நம் ஊராருக்கு நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பாடியும், வீட்டில் மாணவரை வைத்து உணவளித்தும் சிறிது பொருள் ஈட்டினார். நாமக்கல் நாமகிரித் தாயாரிடம் அவ்வம்மையாருக்கு அளவிறந்த பக்தி. மகனும் அப்பக்தியிலேயே வளர்ந்தார்.

கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் கணிதப் பரிசுகள் பெற்று 1904-இல் தேறிய அவர், கல்லூரியிற் சேர்ந்தபின் கணிதம் ஒன்றையே கருதிப் பிற பாடங்களைக் கைவிட்டார். உபகாரச் சம்பளம் நின்றது. பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தும் எப்.ஏ. பரீக்ஷையில் தேறவில்லை. 1909-இல் ஜானகி என்னும் சிறு பெண்ணை அவருக்கு மணம் முடித்தனர். மணமகளுக்கு அப்பொழுது வயது பத்து. குடும்ப பாரம் தலைமேல் ஏறவே, கணக்கு நோட்டுப் புத்தகங்களைக் கையிலேந்தி உத்தியோகம் தேடி அலைந்தார். நெல்லூர்க் கலெக்டராயிருந்த இராமச்சந்திர ராவ் அவர்கள் சில காலம் மாதம் 25 ரூபாய் உதவினார். 1912-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் சென்னைத் துறைமுக ஆபீஸில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது.

1913-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 16-ஆம் நாளிட்டு, கேம்பிரிட்ஜ் நகரத்து டிரினிடி கல்லூரியின் கணித ஆசிரியர் ஹார்டி அவர்களுக்குத் தம் முடிபுகள் பலவற்றை எழுதியனுப்பினார். அதற்குமுன் வேறு இரு பேராசிரியருக்கு எழுதியதனாற் பயன் விளையவில்லை. ஹார்டியோ அக்கடிதத்தை ஆராய்ந்து, எழுதியவர் முதல்தர மேதை என்று துணிந்து அவரைச் சீமைக்கு அழைத்தார்.

புறப்பாடு

இக்காலத்தில் விமானச் சீட்டும் விஸாவும் தடையாகும். அக்காலத்தில் தடையாக நின்றது ஜாதிக் கட்டுப்பாடு. கடல் கடந்தவனைப் பந்தியில் ஏற்பதில்லை. அவன் வீட்டு நன்மை தீமைகளுக்குச் சுற்றத்தார் செல்வதில்லை. ஆதலின் இராமானுஜன் முதலில் மறுத்தனர். 1914-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் டிரினிடி கல்லூரியைச் சார்ந்த நெவில் என்பார் சென்னைக்கு வந்து மீண்டும் அழைத்தபொழுது அவர் இசைந்திருந்தார். இடையில் அவர் நாமக்கல் சென்று சந்நிதியில் மூன்று இரவுகள் கிடந்தார் என்றும், தாயார் கனவில் நாமகிரித் தாயார் தோன்றித் தடை செய்யாதே எனப் பணித்தனர் என்றும் வழங்குகின்றன. எவ்வாறாயினும், தாயின் அனுமதி பெற்றே அவர் புறப்பட்டார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

சென்னைச் சர்வகலாசாலையார் ஆண்டுக்கு 250 பவுன் உபகாரச் சம்பளம் அளித்தனர். அதில் 50 பவுன் குடும்பத்திற்குச் சேருமாறு அவர் ஏற்பாடு செய்தார். சீமை உடையும் காலணியும் பழகிக்கொள்ளும்படி நண்பர்கள் வற்புறுத்தினர். புறப்படுதற்குச் சில நாள் முன்னர்த் தாயையும் மனைவியையும் கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டுப் பின்னரே குடுமியைக் களைந்து தலைமயிரைக் கத்தரித்துக்கொண்டார். அக்கோலத்தைத் தாய் காணலாகாது என்பதே அவர் கருத்து. 1914-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 17-ஆம் நாள் நெவாஸா என்னும் கப்பல் சென்னையினின்றும் புறப்பட்டது. ஏப்ரல் 14-ஆம் நாள் இலண்டன் சேர்ந்தார்.

அந்நிய நாட்டு வாழ்க்கை

நெவில் அவர்கள் நேரில் வந்து எதிர்கொண்டு, கேம்பிரிட்ஜில் தம் இல்லத்திலேயே இரண்டு மாதகாலம் அளவும் வைத்திருந்தார். இஃது ஒரு பெரிய உதவி. புதிய நாட்டில் முதல் சில வாரங்கள் ஒரு குடும்பத்தின் நடுவே இருக்கப்பெற்றவன் பாக்கியவான். ஜூன் மாதத்தில் அவர் கல்லூரி அறைக்குக் குடிபோயினர். தனிமை அன்று தொடங்கிற்று.

ஒரு சிறு செய்தியைக் கூறுவோம். பிற்காலத்தில் இந்தியாவின் புகழ்பெற்ற புள்ளியியல் அறிஞராக விளங்கிய மஹலநோபிஸ் அப்பொழுது கேம்பிரிட்ஜில் மாணவராயிருந்தார். அவர் இராமானுஜனிடம் இரவில் குளிர் தாங்க முடிகின்றதா என்று வினவ, மேற்சட்டை அணிந்து சால்வையும் போர்த்து உறங்கியும் நடுக்கம் நீங்கவில்லை என்றார். கட்டிலைப் பார்த்தபொழுது உண்மை விளங்கிற்று. கம்பளிகள் மெத்தைக்கு அடியில் இறுகச் செருகி விரிக்கப்பட்டிருந்தன. அவற்றுக்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்பதை அறியாது, மேல்விரிப்பின்மீதே அவர் படுத்திருந்தார். உலகம் காணாத கணக்குகளைக் கண்ட அறிவு, கம்பளிக்குள் நுழையும் வழியை அறிந்திலது. இதில் நகைத்தற்கு ஒன்றுமில்லை. யாரும் கற்பிக்காததை யார்தாம் அறிவர்? கேட்பதற்கு நாணி அவர் குளிரில் வருந்தினர் என்பதே நாம் கருதவேண்டுவது. காலணி பாதத்தை வருத்தவே அறையில் செருப்புடன் இருந்தார் என்றும் கூறுவர்.

இதனினும் பெருந்துன்பம் உணவால் நேர்ந்தது. புலால் உண்ணாமை அவர் விரதம். கல்லூரிச் சமையலில் மாமிசக் கொழுப்புக் கலந்திருக்கலாம் என்னும் ஐயத்தால் பொது மண்டபத்தில் பிறரோடு அமர்ந்து உண்பதில்லை. தம் அறையிலேயே சிறிய எரிவாயு அடுப்பில் தாமே சமைத்துக்கொண்டார். புளி, தேங்காயெண்ணெய் முதலியன ஊரிலிருந்து பார்சலில் வரவேண்டும். அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் முதல் உலகப்போர் மூண்டது. கப்பல்கள் தடைப்பட்டன, காய்கறியும் பாலும் அரியவாயின. கணக்கில் மூழ்கியவர் வேளைக்குச் சமைப்பரோ? இரவெல்லாம் விழித்து, பகலில் நேரமல்லா நேரத்தில் ஒரு முறை உண்டு காலங் கழித்தார். பலர் கூடி உண்ணும் இடத்திலேதான் அந்நியனுக்கு நட்பு உண்டாகும். அவ்விடத்திற்கு அவர் செல்லாமையால் உடலுக்கு உணவு குறைந்ததோடு மனத்திற்குத் துணையும் குறைந்தது.

அவருடைய மனம் எத்துணை மென்மை யடைந்திருந்தது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சான்றாகும். ஒருநாள் சட்டர்ஜி என்னும் இந்திய நண்பரையும், அவர் மணக்கவிருந்த பெண்மணியையும், வேறொரு பெண்மணியையும் தம் அறைக்கு விருந்துக்கு அழைத்துத் தாமே சமைத்துப் பரிமாறினார். ரசம் மிக நன்றாயிருந்தது என்று இரண்டாம் முறையும் வாங்கி உண்ட பெண்மணிகள் மூன்றாம் முறை போதும் என்றனர். சற்று நேரத்தில் இராமானுஜனைக் காணவில்லை. விருந்தினர் காத்திருந்து திரும்பினர். நான்கைந்து நாட்களுக்குப்பின் அவர் மீண்டபொழுது, தாம் பரிமாறியதை மறுத்தமை பொறாது அப்படியே புறப்பட்டு ஆக்ஸ்போர்டு நகரம் போய்விட்டதாகக் கூறினார். நம் நாட்டில் இருந்திருப்பின் இவ்வற்பச் செயல் அவரைத் துன்புறுத்தியிராது. தனிமையில் வாடுவோருக்குச் சிறு சொல்லும் பெருங்காயமாகும்.

செய்த பணி

இத்துணை இடரிலும் அவர் ஆற்றிய பணி வியக்கத்தக்கது. ஐந்தாண்டுகளில் இருபதுக்கும் மேற்பட்ட ஆராய்ச்சிக் கட்டுரைகள் வெளிவந்தன. 1916-இல் ஆராய்ச்சியின் பொருட்டு பி.ஏ. பட்டம் பெற்றார். அவர் பணியில் ஒன்றை மட்டும் நம் சிறுவர்கட்கு விளங்கக் கூறுவோம். 4 என்னும் எண்ணை, தனி நாலாகவும், 3-உம் 1-உமாகவும், இரண்டு இரண்டாகவும், ஓர் இரண்டும் இரண்டு ஒன்றுகளுமாகவும், நான்கு ஒன்றுகளாகவும் ஐந்து வகையாகப் பிரிக்கலாம். இவ்வாறே 100 என்னும் எண்ணைப் பிரித்தால் 19,05,69,292 வகைகள் உண்டு. ஒவ்வொன்றாக எண்ணாமலே இத்தொகையை மிக நெருங்கிக் கணித்தற்குரிய சூத்திரத்தை ஹார்டியுடன் சேர்ந்து கண்டு 1918-இல் வெளியிட்டார். அவ்வாண்டு மே மாதத்தில் இராயல் சொசைட்டியின் அங்கத்தினரானார். அப்பெருமையை எய்திய இந்தியருள் அவர் இரண்டாமவர். அக்டோபர் மாதத்தில் டிரினிடி கல்லூரியின் பெல்லோ என்னும் பதவியைப் பெற்றார். இந்தியருள் அதைப் பெற்றவர் அவரே முதல்வர்.

நோயும் துயரும்

1917-ஆம் ஆண்டின் வசந்தத்தில் அவர் நோயிற் படுத்தார். அன்றுதொட்டு இங்கிலாந்தில் எஞ்சிய நாட்களிற் பெரும்பகுதி வைத்திய விடுதிகளிலேயே கழிந்தது. வைத்தியர் க்ஷயரோகம் எனக் கருதினர். திறந்த சாளரமும் குளிர்காற்றுமே அந்நோய்க்கு அக்காலத்துச் சிகிச்சை. வெப்ப நாட்டில் வளர்ந்தவருக்கு மேட்லாக் என்னும் மலைப்புறத்து விடுதியின் குளிர் எங்ஙனம் இருந்திருக்கும்! 1994-இல் யங் என்னும் வைத்தியர் பழைய குறிப்புகளை ஆராய்ந்து, அந்நோய் கல்லீரலைப் பற்றிய அமீபா நோயாதல் கூடும் என்றும், சென்னையில் அவருக்கு முன்னர் உண்டான சீதபேதியே அதற்கு வித்தாகலாம் என்றும், அக்காலத்திலேயே அதற்கு மருந்து இருந்ததென்றும் எழுதினார். நம் நாட்டில் முன்பு உற்ற நோய்களை அந்நிய வைத்தியரிடம் ஒளியாது விரித்துரைத்தல் எத்துணை அவசியம் என்பது இதனால் விளங்கும்.

நோயைக் காட்டிலும் கொடியது வீட்டுச் செய்தி இன்மை. கும்பகோணத்தில் மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒற்றுமை இல்லை. கணவர் மனைவிக்கு எழுதிய கடிதங்களும் மனைவி கணவருக்கு எழுதிய கடிதங்களும் உரியவர் கைக்குச் சேராமல் தாயாரால் நிறுத்தப்பட்டன என்று ஜானகி அம்மையார் பிற்காலத்திற் கூறினார். மனம் நொந்த அம்மையார் தம் தமையனார் இருந்த கராச்சிக்குப் போயினர். ஏன் கடிதம் வரவில்லை என்பதறியாது, கடலுக்கு அப்பால் இராமானுஜன் வாடினார். தாயின் அன்பை நாம் குறைகூற வந்தோமில்லை. மகனுக்காக அவர் பட்ட பாடு சிறிதன்று. ஆயினும் அன்பு மிகுதியாலேயே ஒரு கடிதத்தைத் தடுத்தாலும், அதனால் வரும் துயரம் துயரமேயன்றோ?

1918-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இத்துயரங்கள் எல்லாம் ஒன்றுசேர்ந்து அவரை அழுத்தின. இலண்டன் சுரங்க இரயில் நிலையம் ஒன்றில் உயிரை விடவும் துணிந்தார். நிலையப் பணியாளர் ஒருவர் கண்டு மின்சாரத்தை நிறுத்தியதனால் உயிர் தப்பினார். ஹார்டி அவர்கள் விரைந்து சென்று போலீசாரிடமிருந்து அவரை மீட்டார். இதனை எழுத நம் கை கூசுகின்றது. ஆயினும் மறைத்தலாற் பயனில்லை. பேரும் புகழும் பெற்ற அறிவாளருக்கே தனிமை இவ்விடரைச் செய்யுமாயின், இருபது வயதுப் பிள்ளைகளைப்பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

அவ்விருளிலும் சில ஒளிகள் இருந்தன. வட இங்கிலாந்தில் வேலையிலிருந்த இராமலிங்கம் என்னும் தமிழர் மேட்லாக்குக்குச் சென்று சில நாள் உடனிருந்து, நோயாளியின் உணவைப்பற்றி விரிவாக ஹார்டிக்கு எழுதினார். பட்னி என்னும் இடத்து விடுதியில் ஹார்டி காண வந்தபொழுது, தாம் வந்த வாடகை வண்டியின் எண் 1729 என்றும், அது சிறப்பில்லாத எண் என்றும் கூற, படுக்கையிற் கிடந்த இராமானுஜன், இரண்டு கன எண்களின் கூட்டலாக இரு வேறு வகையில் அமையும் எண்களுள் அதுவே மிகச் சிறியது என்று உடனே விடையளித்தார். 1-இன் கனத்தோடு 12-இன் கனத்தையும், 9-இன் கனத்தோடு 10-இன் கனத்தையும் கூட்டிப் பார்த்து நம் வீட்டுச் சிறுவர் மகிழ்வாராக.

1919-ஆம் ஆண்டு ஜனவரி 11-ஆம் நாள் சென்னைச் சர்வகலாசாலையாருக்கு ஒரு கடிதம் விடுத்தார். தமக்கு அளிக்கும் தொகையில் பெற்றோருக்குரிய 50 பவுனும் தம் செலவும் போக எஞ்சியதை, ஏழைச் சிறுவர், அநாதைகள் ஆகியோரின் கல்விக்குச் செலவிடுமாறு அதில் வேண்டினார். வறுமையை அறிந்தவர் கைக்குப் பொருள் வந்தபொழுது வறியரை மறந்திலர்.

மீட்சியும் முடிவும்

1919-ஆம் ஆண்டு பிப்ரவரி 27-ஆம் நாள் நகோயா என்னும் கப்பலிற் புறப்பட்டு, ஒரு மாதத்தில் பம்பாய் வந்தார். தாயாரும் தம்பியாரும் எதிர்கொண்டனர். அவர் முதலில் வினவியது ஜானகி எங்கே என்பதே. பின்னர்ச் சென்னையில் மனைவியார் வந்து சேர்ந்தார். கோடைக்கு ஏற்ற இடம் தேடி அவர்கள் சென்றது கொடுமுடிக்கு. அவ்வூருக்குச் சற்றுக் கீழேதான் நம் நொய்யல் காவிரியிற் கலக்கின்றது. பிறந்த கொங்கு நாட்டுக் காவிரிக்கரையில் சில மாதம் தங்கியும் நோய் தணியவில்லை. கும்பகோணத்திற்கும், மீண்டும் சென்னைக்கும் கொண்டு சென்றனர். படுக்கையிலிருந்தே கணக்கெழுதி வந்தார். பலகை கேட்டால் எடுத்துக் கொடுப்பதும், காய்ச்சலுக்கு ஒத்தடமிடுவதும் ஜானகி அம்மையாரின் பணி. 1920-ஆம் ஆண்டு ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்திற் கூறிய புதுமைகளை அறிஞர் இன்றும் ஆராய்கின்றனர். ஏப்ரல் 26-ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில், 32-ஆம் வயதில், இறைவன் திருவடி எய்தினார்.

கடல் கடந்தவர், இராமேசுவரம் சென்று பிராயச்சித்தம் செய்யாதவர் என்று சுற்றத்தாருட் பலர் அவருடைய இறுதிக் கடனுக்கு வந்திலர். உலகம் போற்றும் ஒருவரின் உடலைச் சுற்றி உறவினர் நில்லாமை என்னே! ஜாதிச் சங்கத்தின் ஏட்டில் இதனை எழுதுவதற்கு நாம் நாணவில்லை, எழுதாதிருப்பதற்கே நாணவேண்டும். கட்டுப்பாடு என்பது விழுந்தவனைத் தாங்குவதற்கே அன்றி, மீண்டவனைத் தள்ளுவதற்கு அன்று.

ஜானகி அம்மையார் இருபத்தொரு வயதில் விதவையாயினர். சர்வகலாசாலையார் அளித்த சிறு தொகை போதாமையால், பம்பாயில் தமையனார் இல்லத்திலிருந்தபொழுது தையல் பயின்று, சென்னைத் திருவல்லிக்கேணியில் தனித்து வாழ்ந்து தையல் தொழிலாற் பிழைத்தனர். ஒரு பிள்ளையையும் எடுத்து வளர்த்து 1994-ஆம் ஆண்டுவரை வாழ்ந்திருந்தனர். தையல் இயந்திரத்தின் ஒலியிலே எழுந்து அதன் ஒலியிலே உறங்கும் மண்ணரைத் தாய்மாருக்கு அவ்வம்மையாரின் பெருமை நன்கு விளங்கும்.

நாம் கொள்ளவேண்டுவன

நேயர்களே! இச்சரித்திரத்தால் பிறநாடு செல்லலாகாது என்பார் கருத்தை நாம் வலியுறுத்த வந்தோமில்லை. இராமானுஜன் போகாதிருப்பின் அவர் நோட்டுப் புத்தகங்கள் துறைமுக ஆபீஸிலேயே மங்கியிருக்கும். போகத்தான் வேண்டும்; ஆயத்தத்தோடு போகவேண்டும்.

பிள்ளையை அனுப்புமுன் சோறு வடிக்கவும், குழம்பு வைக்கவும், துணி துவைக்கவும் அவனுக்குக் கற்பியுங்கள். ஆண்பிள்ளை என்று விட்டுவிடாதீர்கள். தெரியாததைக் கேட்பது இழிவன்று என்று சொல்லி அனுப்புங்கள். விரதமுடையவன் விரதத்தைக் காக்கட்டும். ஆனால் பிறரோடு ஒரு மேசையில் அமர்ந்து தன் உணவைத் தான் உண்ணப் பழகட்டும். பணம் வந்ததா என்று கேட்பதற்கு முன் உண்டாயா, உறங்கினாயா என்று கேளுங்கள். கணவன் மனைவியர் பேசிக்கொள்வதன் இடையே பெரியோர் நில்லாதிருத்தல் நன்று. இந்நாளில் கடிதத்திற்குப் பதில் கைப்பேசி வந்துளது. தடுக்கும் கைகளும் மனவருத்தமும் மாறினவில்லை. குரல் வாடியிருப்பின் காரணம் கேளுங்கள். வேலை ஒவ்வாது திரும்பி வந்தவனைத் தோற்றவன் என்று ஏசாதீர்கள்.

இன்னும் ஒன்று. ஒடிசா, பீகார் முதலிய நாடுகளிலிருந்து நம் பனியன் கம்பெனிகளுக்கு வந்து, நம் தெருக்களிலேயே குடியிருக்கும் இளைஞர் பலர். நம் மொழி அவர்க்குத் தெரியாது. நம் உணவு அவர்க்கு ஒவ்வாது. கேம்பிரிட்ஜில் இராமானுஜன் இருந்த நிலையிலேயே அவர்கள் மண்ணரையில் இருக்கின்றனர். நெவில் வீட்டுக் கதவு ஓர் ஈரோட்டுப் பிள்ளைக்குத் திறந்தது. மஹலநோபிஸ் கம்பளியை விரித்துக் காட்டினார். அவ்வளவு சிறிய உதவியை நாமும் செய்தல் கூடும். நம் பிள்ளைகளுக்கு அயலார் எதைச் செய்யவேண்டும் என்று விரும்புகின்றோமோ, அதை நம்மிடம் வந்த பிள்ளைகளுக்கு நாம் செய்வோமாக.